ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் நீ காலி செய்த டின்

பன்னிரண்டு வருடங்கள் வாயை மூடிக்கொண்டிருந்தேன். போதும். நீ போய்ச் சேர்ந்தே இரண்டு வருடமாகிறது. கேட்க ஆளில்லாதபோதுதான் இவனுக்குப் பேச்சு வருகிறது என்று சிரிப்பாய். சிரித்துக்கொள்.

சனிக்கிழமை காலை, கண்டிக்குப் பக்கத்தில், பிலிமத்தலாவையில் என் காரின் டயர் ஒன்று காற்றுப் போய்விட்டது. வீதியோரத்து டயர்க் கடையில் கழற்றக் கொடுத்துவிட்டு நின்றேன். சூடான என்ஜின் எண்ணெயின் மணம் வந்தது. திரும்பிப் பார்த்தேன். பக்கத்தில், உன் கடை வாசலில், பொனட்டைத் திறந்தபடி உன் சிவப்புக் கார் நின்றது. நாம் இருவரும் ஏறி உட்கார்ந்தால் தோளோடு தோள் இடிக்கும் அந்தச் சின்னக் கார், மூன்றே சிலிண்டரையும் ஒரு டேர்போவையும் வைத்துக்கொண்டு ஹந்தானை மலை ஏற்றத்தில் பெரிய வண்டிகளையெல்லாம் விரட்டிய கார். எரிந்து கறுத்த முன்பக்கத்துக்குப் புதிதாக நிறம் அடித்திருந்தார்கள். உள்ளே, பற்றரிக்குப் பக்கத்தில், நான் செய்த அலுமினிய டின் பளபளத்தது. அதிலிருந்து என்ஜினுக்கு, உள்ளே ஓடுவது தெரியும்படி ஒரு தெளிந்த பிளாஸ்டிக் குழாய். வளைவுக்கு வளைவு நான் அன்று பூட்டியபடியே.

தலையில் முக்காடும் கையில் கிரீஸுமாக ஒரு பெண் நிமிர்ந்தாள். முகத்தில் உன் நாடி, உன் சிரிப்பு. நான் கடைசியாகப் பார்த்தபோது அவளுக்குப் பத்து வயது. இந்தத் தாடிக்கும் நரைக்கும் பின்னால் என்னை அவளுக்கு அடையாளம் தெரியவில்லை.

"என்ன அங்கிள், இப்பிடிப் பாத்துட்டு ஈக்கிறீங்க? விக்கிறதுக்கில்ல."

"யாரு காரும்மா இது?"

"எங்கட வாப்பாட. பன்னெண்டு வருஷம் ஷெட்டுக்குள்ள கெடந்திச்சி. நான்தான் எழுப்பீக்கிறேன்."

குழாயை எங்கே வாங்கினாள் என்று கேட்டேன். வீடு கட்டுகிற மேசன் பாஸ்மார் நீர்மட்டம் பார்க்க வாங்குகிற குழாய்தான், ஹார்ட்வெயார் கடையில் எடுத்தேன் என்றாள். கைத்தொலைபேசியில் ஒரு பழைய படத்தைக் காட்டினாள். "இதப் பாத்து அப்பிடியே போட்டேன். ஒரு இஞ்சி மாத்தல்ல." படத்தின் ஓரத்தில் ஒரு கை தெரிந்தது. என் கை.

"முந்தி ஒருக்கா இது பத்திச்சாம் அங்கிள். வாப்பா டின்னக் காலி பண்ண மறந்துட்டாராம். கராஜ்ல இன்னமும் சொல்லிச் சிரிப்பாங்க. நான் அப்பிடியில்ல, வெள்ளிக்கிழம வெள்ளிக்கிழம காலி பண்ணிருவேன். பிரேக் சாமான் மட்டும்தான் வரணும். நாளைக்கில்ல, அதுக்கடுத்த ஞாயித்துக்கிழம ஹந்தானைக்கு ஏத்தப் போறேன்."

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "நல்லாப் போட்டிருக்கீங்கம்மா" என்றேன். டயர் வந்தது. பூட்டிக்கொண்டு போய்விட்டேன்.



நமக்குள் என்ன இருந்தது என்று ஊருக்குத் தெரியாது. பள்ளிக்கூடத்தில் ஒரே வாங்கில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தோம். நீ சாதாரண தரப் பரீட்சையோடு படிப்பை விட்டு உன் வாப்பாவின் உதிரிப்பாகக் கடைக்குப் போனாய். நான் தெல்தோட்டைத் தேயிலைத் தோட்டத்து லயத்திலிருந்து பல்கலைக்கழகம் போனேன், பொறியியல் படித்தேன், தொழில்நுட்பக் கல்லூரியில் பாடம் நடத்த வந்தேன், ஊருக்குச் 'சேர்' ஆனேன். ஞாயிற்றுக்கிழமைகளில் உன் வீட்டு முற்றத்தில் அந்தக் காரின் முன்னால் மட்டும் நாம் மறுபடி அந்த வாங்கில் இருந்தோம்.

கார் நீலப் புகை விடத் தொடங்கியபோது யோசனை சொன்னவன் நான். என்ஜினின் அடிவயிற்றிலிருந்து வெளியேறும் ஆவியோடு எண்ணெயும் கலந்து போய்க் காற்றுப் பாதையில் படிகிறது, நடுவில் ஒரு கேட்ச் கேனை வைத்தால் எண்ணெய் அதில் தங்கும், ஆவி மட்டும் போகும் என்று கடதாசியில் படம் கீறிக் காட்டினேன். "எண்ணெய் புடிக்கிற டின்னுன்னு சொல்லேன், அதுக்கு ஏன் இவ்வளவு படம்?" என்றாய். எண்ணெய்த் துளி தங்குவதற்கு டின்னுக்குள் பாத்திரம் தேய்க்கும் கம்பிச் சுருள் வேண்டியிருந்தது. நீ சத்தமில்லாமல் உள்ளே போய் எடுத்துவந்தாய். பின்னாலேயே உன் மனைவி வந்தார். "ஏன் சேர், இந்தக் கார் திங்கிறதெல்லாம் எங்கட குசினியில இருந்துதானா?" நாம் மூவரும் சிரித்தோம்.

குழாய்தான் பிரச்சினை. நீ உன் கடையிலிருந்து கறுப்பு ரப்பர் ஹோஸ் கொண்டுவந்து வைத்தாய். எண்ணெய்க்கும் சூட்டுக்கும் என்றே செய்த தடித்த ஹோஸ். நான் வேண்டாம் என்றேன். பக்கத்து வீட்டில் வேலை செய்த மேசனிடம் வாங்கிய தெளிந்த குழாயை எடுத்தேன்.

"மச்சான், இது தண்ணிக்கு உள்ளது. சூட்டுக்கு நிக்குமா?"

"உன் கறுப்பு ஹோசுக்குள்ள என்ன நடக்குதுன்னு எவன் பாக்கிறது? எண்ணெய் போறது கண்ணுக்குத் தெரியணும்டா."

நீ குழாயை விரல்களால் நசுக்கிப் பார்த்தாய். பிறகு, "சரி, நீ படிச்சவன்" என்று ஸ்பானரை என்னிடம் நீட்டினாய்.

உண்மையைச் சொல்கிறேன். எண்ணெய் போவதைப் பார்க்கவேண்டிய தேவை யாருக்கும் இல்லை. மெக்கானிக் செல்வம் பாஸின் கராஜுக்கு வருகிறவர்கள் உன் பொனட்டைத் திறந்து, நான் சொன்னது நடப்பதைத் தங்கள் கண்ணால் பார்க்கவேண்டும் என்று ஆசைப்பட்டேன். பார்த்தார்கள். நீதான் ஒவ்வொருவரையும் கூப்பிட்டுக் காட்டினாய். "எங்கட சேர் செஞ்சது" என்றாய். அதைக் கேட்க எனக்கு எவ்வளவு பிடித்திருந்தது என்பதை அன்று உன்னிடம் சொல்லவில்லை.

டின்னைப் பூட்டிய நான்காவது மாதம், ஹந்தானை வீதியில், லயங்களுக்கு மேலே உள்ள வளைவில், எதிரே வந்த பஸ்ஸுக்கு வழிவிட ஒதுக்கி நிறுத்தினாய். பொனட் ஓரத்தால் புகை வந்தது. நீ இறங்கி ஓடித் திறந்தாய். தீ உன் வலது கையைப் பிடித்தது. நான் தண்ணீர்ப் போத்தலோடு ஓடிவந்தேன். லயத்திலிருந்து வந்த ஒருவர், "ஐயோ சேர், எண்ணெயில தண்ணிய ஊத்தாதீங்க, மண்ண அள்ளிப் போடுங்க!" என்று கத்தினார். பாடம் நடத்துகிறவனுக்கு அவர்தான் பாடம் சொன்னார். பெண்கள் சாக்குகளில் மண் கொண்டுவந்து கொட்டினார்கள். தீ அடங்கியது. உன் கையை லயத்துப் பீலியடியில் ஓடும் தண்ணீரில் பிடித்துக்கொண்டு உன்னை உட்கார வைத்திருந்தார்கள்.

நான் காரடியில் தனியாக நின்றேன். டின் சரிந்து, மூடி கழன்று, மண்ணுக்குள் கிடந்தது. அதில் எண்ணெய் இருந்ததா இல்லையா என்று யாராலும் சொல்ல முடியாது. குழாயின் மேல்பாதி கருகியிருந்தது. கீழ்ப்பாதி அப்படியே இருந்தது. வளைவில் இளகி, உள்ளே உறிஞ்சப்பட்டு, சப்பையாக ஒட்டிப்போய்க் கிடந்தது. ஆவி வெளியேற வழியில்லாமல் அழுத்தம் ஏறி, எண்ணெய் அளவு பார்க்கும் கம்பியை மேலே தள்ளி, கொதிக்கும் டேர்போவின் மேல் எண்ணெயைக் கொட்டியிருக்கிறது. ஒரு நிமிடத்தில் எனக்கு எல்லாம் விளங்கியது. குழாயைப் பிடுங்கிக் காற்சட்டைப் பைக்குள் வைத்தேன். சூடு தொடையில் சுட்டது. ஏன் வைத்தேன் என்று அப்போது யோசித்ததாக ஞாபகம் இல்லை.

மறுநாள் கராஜில் செல்வம் பாஸ், உன் வாடிக்கையாளர்கள் நாலு பேர், கட்டுப்போட்ட கையோடு நீ.

"என்னா சேர் நடந்துச்சு?" என்று செல்வம் என்னைத்தான் கேட்டார்.

"டின் நெறஞ்சிருச்சு. காலி பண்ணாம விட்டா இப்படித்தான் ஆகும்."

"நான் காலி பண்ணினேன் மச்சான். ஒவ்வொரு வெள்ளியும், பள்ளிவாசலுக்குப் போக முந்தி. இந்த வெள்ளியும் பண்ணினேன்."

"எந்த வருஷத்து வெள்ளிக்கிழம?"

எல்லோரும் சிரித்தார்கள். நீ என்னைப் பார்த்தாய். வெளியே போனாய். சொன்ன சொல் மாறாதவன் என்று பெயரெடுத்த வியாபாரி நீ. உன் முகத்துக்கு நேரே உன்னைப் பொய்யனாக்கினேன். ஊர் என்னைத்தான் நம்பியது. நான் படித்தவன்.

இதைச் சொல்லிவிட்டதால் உன்மேல் எனக்கிருக்கும் கோபம் தீர்ந்துவிட்டது என்று நினைக்காதே. அடுத்த வாரமே எனக்கு "டின் சேர்" என்று பெயர் வைத்தாய். உன் கடைக்கு வந்த என் மாணவர்கள் அதைக் கல்லூரிக்குக் கொண்டுவந்தார்கள். கரும்பலகையில் டின் படம் கீறி வைத்தார்கள். என் துறைத் தலைவரே ஒரு கூட்டத்தில் வாய் தவறி அப்படிக் கூப்பிட்டார். லயத்தில் பிறந்தவனுக்கு அந்தப் பல்கலைக்கழகப் பட்டம் ஒன்றுதான் இருந்தது என்பது உனக்குத் தெரியும். தெரிந்துதான் அதில் கைவைத்தாய். உன் கடை நாட்காட்டி கண்டியில் தெருவுக்குத் தெரு தொங்கியது. என் வீட்டுக்கு ஒன்றுகூட வரவில்லை. ஒரு நாள் தனியாக வந்து, "மச்சான், உண்மையில என்ன நடந்திச்சி?" என்று நீ கேட்டிருந்தால் குழாயை எடுத்துக் காட்டியிருப்பேன். அப்படித்தான் பன்னிரண்டு வருடமாகச் சொல்லிக்கொள்கிறேன். காட்டியிருப்பேனா என்று சனிக்கிழமைக்குப் பிறகு தெரியவில்லை.

நீ இறந்து, உன் கடையில் வெள்ளைக் கொடி கட்டியிருந்த அன்று நான் எதிர்ப்பக்கப் பஸ் நிறுத்தத்தில் நின்றேன். உன் ஜனாஸாவைத் தூக்கிக்கொண்டு போனார்கள். கண்டி பஸ் வந்தது. ஏறிவிட்டேன்.

உன் மகள் சொன்னதில் ஒன்றை மேலே எழுதாமல் விட்டேன். "வாப்பா மறந்ததா அவரே சொன்னாரா அம்மா?" என்று கேட்டிருந்தேன். அவள் கையைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்: "வாப்பாட்ட கேட்டா சிரிப்பார் அங்கிள். 'படிச்சவன் சொன்னா சரியாத்தான் ஈக்கும்'னு சொல்லுவார்." அவ்வளவுதான். நீ குத்தலாகச் சொன்னாயா, என்னை விட்டுக்கொடுக்காமல் சொன்னாயா? உன் மகளிடம்கூட உன் பக்கத்தைச் சொல்லாமல் போக உனக்கு எப்படி மனம் வந்தது? இதற்கும் உன்மேல்தான் கோபம் வருகிறது.

இந்த மடல் உனக்கு என்று தொடங்கினேன். உறையைப் பிரிக்கப்போவது அவள். ஆகவே தனித்தாள் ஒன்றில் பெரிய எழுத்தில் எழுதி எல்லாவற்றுக்கும் மேலே அவளுக்காக வைத்திருக்கிறேன்: "அந்தத் தெளிந்த குழாயைக் கழற்று. கழற்றும்வரை காரை ஏற்றத்தில் ஏற்றாதே. உன் கடையிலேயே இருக்கும் தடித்த கறுப்பு ஹோஸைப் போடு, டேர்போவிலிருந்து விலக்கிக் கொண்டுபோ, இரண்டு முனையையும் கிளிப் போட்டு இறுக்கு. டின்னை எத்தனை வெள்ளிக்கிழமை காலி செய்தாலும் இந்தக் குழாய் இளகும். உன் வாப்பா மறக்கவில்லை. ஒரு வெள்ளிக்கிழமைகூட மறக்கவில்லை. தப்பு குழாயைப் போட்டவனுடையது. அதை மறைத்ததும் அவன்தான்." அலுமாரியில் துணிக்கடியில் கிடந்த அந்தச் சப்பைக் குழாய்த் துண்டையும் உறைக்குள் போட்டிருக்கிறேன். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் விளங்கிக்கொள்வாள்.

நேற்று இரண்டு தரம் உன் கடைக்குத் தொலைபேசி எடுத்தேன். "ஹலோ, சொல்லுங்கோ" என்று அவள் குரல். இரண்டு தரமும் வைத்துவிட்டேன். இன்று திங்கள். பதிவுத் தபாலில் போடலாம் என்று போனேன். அனுப்புநர் பெயரைக் கேட்டார்கள். சாதாரணத் தபாலுக்கு முத்திரை வாங்கிக்கொண்டு திரும்பினேன். வியாழனுக்குள் போய்ச் சேரும். சனிக்கிழமை நானே பிலிமத்தலாவைக்குப் போவேன். பொனட்டுக்குள் கறுப்பு ஹோஸ் இல்லையென்றால், யார் என்று சொல்லி அவள் முன்னால் நிற்பேன். அதற்கு மட்டும் இந்தமுறை ஏமாற்றமாட்டேன்.

"இப்படிக்கு" என்று எழுதிப் பார்த்தேன். அடித்துவிட்டேன். உன் மனைவி பாதி படிக்கும்போதே யார் என்று கண்டுபிடிப்பார், அது எனக்குத் தெரியும். இருந்தாலும் பெயர் போட்டால் உன் மகள் நன்றி சொல்லப் புறப்பட்டு வருவாள்; அவள் உன் பிள்ளை. அந்த நன்றியை வாங்கிக்கொள்ள என்னால் முடியாது. பெயரில்லாத மடலுக்கு யாரும் பதில் சொல்லத் தேவையில்லை. இனி உறையை ஒட்டவேண்டியதுதான். பெயர் போடாமலே தபாலில் சேர்க்கிறேன்.