மின்தூக்கிகளின் அட்டைப் பூட்டுகளை நான் கழற்றியது குறித்து

அனுப்புநர்:
உரிமம் பெற்ற மின்தூக்கிப் பராமரிப்பாளர் (உரிம எண் 0417),
பேருந்துப் பணிமனைப் பின்தெரு.

பெறுநர்:
மின்தூக்கி ஆய்வாளர் அவர்கள்,
மின்தூக்கி ஆய்வு அலுவலகம்.

பொருள்: ஒன்பது மாடிக் குடியிருப்பில் வீட்டுவேலை செய்வோர் மின்தூக்கியில் ஏறத் தடை – நேரில் ஆய்வு செய்து தடையை நீக்கக் கோருதல்.

பார்வை: குடியிருப்போர் சங்கச் செயலாளர் என்மீது தங்களிடம் அளித்துள்ள புகார்.

மதிப்பிற்குரிய அம்மா,

1. செயலாளரின் புகார் உண்மை. சென்ற வியாழக்கிழமை இரண்டு மின்தூக்கிகளிலிருந்தும் அட்டைப் பூட்டுகளைக் கழற்றியவன் நான்தான். யாரிடமும் அனுமதி கேட்கவில்லை. ஏன் கழற்றினேன் என்பதை அவர் எழுதவில்லை. அதை நான் எழுதுகிறேன்.

2. அந்தக் கட்டடத்தின் மின்தூக்கிகளைப் பதினொரு ஆண்டுகளாகப் பராமரித்து வந்தேன். நான்கு மாதங்களுக்கு முன் செயலாளர் என்னை அழைத்து, குடியிருப்போரின் அட்டைக்கு மட்டும் இயங்கும்படி பூட்டுப் பொருத்தச் சொன்னார். "வேலைக்காரங்க ஏறி ஏறித்தான் லிப்ட் மக்கர் பண்ணுது. அவங்க படியில வரட்டும், உடம்புக்கும் நல்லது" என்றார். அது உண்மையல்ல என்று எனக்குத் தெரியும். இரண்டு ஆண்டுகளில் பதினான்கு பழுதுகள். ஒன்பது முறை கதவிடுக்கில் ஏதோ சிக்கியது: பொம்மைச் சக்கரம், செருப்பு, ஒருமுறை செயலாளர் வீட்டுச் சோபாவின் கால். மற்றவை மழைநீரும் தேய்மானமும். ஆள் பாரத்தால் ஒன்றுகூட இல்லை. பதிவேட்டு நகலை இணைத்துள்ளேன். இவ்வளவு தெரிந்தும், ஒப்பந்தம் போய்விடுமே என்று வாயைத் திறக்கவில்லை. தங்கள் அலுவலக அனுமதியின்றிப் பூட்டைப் பொருத்தியதும் என் குற்றமே.

3. எட்டாம் மாடியில், மகன் வெளிநாட்டில் இருப்பதால் தனித்து வாழும் முதியவர் ஒருவர் படுத்த படுக்கையாக இருக்கிறார். அவருக்குச் சமைத்து, ஊட்டி, உடம்பு துடைத்துவிடுபவர் ஐம்பத்தேழு வயதுப் பெண். கட்டடத்தில் எல்லோருக்கும் அவர் சமையலக்கா. இரண்டு முழங்காலும் தேய்ந்தவர். பூட்டு வந்த நாளிலிருந்து தினம் இரண்டு வேளை நூற்றெழுபத்தாறு படிகள் ஏறினார். முதியவர் பொறுக்காமல், "நான் எங்க இறங்கிப் போகப்போறேன்" என்று தம் அட்டையை அவரிடம் கொடுத்துவிட்டார். கேமராவில் அதைப் பார்த்த செயலாளர் அந்த அட்டையை முடக்கச் சொன்னார். முடக்கியவனும் நானே.

4. மறுவாரம் இயந்திர அறையிலிருந்து இறங்கி வருகையில், ஆறாம் மாடித் திருப்பத்தில் சமையலக்கா மூச்சு வாங்கியபடி உட்கார்ந்திருந்தார். நான் போக வழிவிட்டுப் பையை ஓரமாக இழுத்துக்கொண்டு, "பூட்டு மாட்டினது நீங்கதானே தம்பி? நல்லாத்தான் வேலை செய்யுது" என்றார். குரலில் கோபமே இல்லை. திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அன்றே கழற்றியிருக்க வேண்டும். செய்யவில்லை.

5. சென்ற வியாழன் காலை எட்டரை மணிக்கு, அழுக்கு விரிப்புகளையும் குப்பைப் பையையும் சுமந்து இறங்கியவர் நான்காம் மாடியில் உருண்டு விழுந்தார். வலது மணிக்கட்டு முறிந்தது. சத்தம் கேட்டுக் கீழிருந்து ஓடினேன். அவரைக் கீழே இறக்க மின்தூக்கியை அழைத்தால் அட்டை கேட்டது. என் பராமரிப்புச் சாவியோ ஒன்பதாம் மாடிக்கு மேல் இயந்திர அறையில் இருந்தது. நான் பொருத்திய பூட்டு எனக்கே திறக்கவில்லை. அத்தனை மாடியும் ஓடி ஏறிச் சாவியை எடுத்து வரும்வரை அவர் சுவரில் சாய்ந்து கிடந்தார். மருத்துவமனைக்குப் போகும் ஆட்டோவில் அவர் சொன்னது ஒன்றுதான்: "ஐயாவுக்குப் பத்து மணிக்கு மாத்திரை. யாராச்சும் குடுத்துருங்க."

6. மாவுக்கட்டுப் போடும் அறையில் அவரை விட்டுவிட்டுத் திரும்பினேன். முதலில் எட்டாம் மாடிக்குப் போய் முதியவருக்கு மாத்திரை கொடுத்தேன். பிறகு கருவிப் பெட்டியைத் திறந்தேன். இருபது நிமிடங்களில் இரண்டு பூட்டுகளும் கையில் இருந்தன. செயலாளர் வந்து, "படியில பார்த்து இறங்கத் தெரியாதா அந்தம்மாவுக்கு?" என்று கேட்டார். அன்று மாலையே ஒப்பந்தம் ரத்தானது. இப்போது பூட்டுக்குப் பதிலாகக் கதவருகே காவலாளியை நாற்காலி போட்டு உட்கார்த்தியிருக்கிறார்கள். வேலைக்கு வருவோர் இன்றும் படியில்தான் ஏறுகிறார்கள்.

7. அம்மா, அந்த மின்தூக்கிகளுக்குள் தங்கள் அலுவலகம் பதித்த தகட்டில் 'எட்டுப் பேர்' என்று மட்டுமே உள்ளது. எப்படிப்பட்ட எட்டுப் பேர் என்று எழுதியிருக்கவில்லை. அந்தத் தகட்டைத் துடைத்துத் துடைத்துப் பழகியவன் நான், மனப்பாடமாகவே தெரியும்.

8. ஆகவே தாங்கள் நேரில் வந்து ஆய்வு செய்து, அந்தக் கட்டடத்தில் வேலைக்கு வரும் எவரையும் மின்தூக்கியில் ஏறவிடாமல் தடுக்கக் கூடாதென எழுத்துமூலம் ஆணையிடக் கோருகிறேன். சமையலக்கா விழுந்ததை இந்தத் தடையால் நேர்ந்த விபத்தாகப் பதிவு செய்யவும் கோருகிறேன். அனுமதியின்றிப் பொருத்தியதற்கும் கழற்றியதற்கும் விதிப்படி என்ன தண்டனையோ அதை எனக்கு விதியுங்கள். உரிமத்தை நிறுத்திவைத்தாலும் குறைத்துக் கேட்க மாட்டேன்.

9. இன்னொன்றும் தாங்கள் அறிய வேண்டும். நான் பராமரிக்கும் வேறு மூன்று கட்டடங்களும் இதே பூட்டைக் கேட்டிருக்கின்றன. மூன்றுக்கும் முடியாது என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். அவர்கள் வேறு ஆளைத் தேடுவார்கள், கிடைத்தும் விடுவார். அந்த ஆள் திருகாணியைக் கையில் எடுக்குமுன் தங்கள் ஆணை அங்கே போய்ச் சேர வேண்டும்.

இப்படிக்கு,
தங்கள் விசாரணைக்கு எந்நாளும் ஆஜராகக் காத்திருக்கும்,
(கையொப்பம்)
மின்தூக்கிப் பராமரிப்பாளர், உரிம எண் 0417

நாள்: 14ஆம் தேதி, செவ்வாய்க்கிழமை
இடம்: ஆய்வு அலுவலக வரவேற்பறை