பதினோராம் பாடம் என்னிடமே இருக்கும்

அன்புள்ள கமா டீச்சருக்கு,

மாணவிகள் வைத்த பெயரில் கூப்பிட்டால்தான் கடிதத்தை ஓரமாக வைக்காமல் படிப்பாய். நான் நலம். படி ஏறும்போது மட்டும் முழங்கால் முனகுகிறது.

நம் ஆங்கில இலக்கணப் புத்தகத்தின் பதினோராம் பாடத்துக்கு நீ அனுப்பிய எடுத்துக்காட்டுகள் கிடைத்தன. விதி எழுதுவது நான், எடுத்துக்காட்டு எழுதுவது நீ என்று பிரித்துக்கொண்டது எவ்வளவு நல்லதாய்ப் போயிற்று! சொன்ன சொல்லைத் திரும்பச் சொல்லாமல் விடுகிற பகுதிக்கு, 'அவளால் நீந்த முடியும், என்னால் முடியாது' என்ற பொருளில் எழுதியிருக்கிறாய். இரண்டாவது 'நீந்த' இல்லாதது யாருக்கும் குறையாகத் தெரியாது. 'நெவர்' வாக்கியத்தின் தொடக்கத்துக்கு வந்துவிட்டால், 'ஐ ஹேவ்' என்பது 'ஹேவ் ஐ' என்று இடம் மாறுவதைப் பேருந்தில் முண்டியடித்து ஏறுபவரோடு ஒப்பிட்டிருக்கிறாயே, தனியாக உட்கார்ந்து சிரித்தேன்.

அந்த நேரத்தில்தான் உன் மகன் போன் செய்தான். அம்மாவுக்கு இதய வால்வில் ஆபரேஷன் என்றும், நீ இரண்டு முறை தேதியைத் தள்ளிப் போட்டுவிட்டாய் என்றும், இனியும் தள்ளினால் தன்னால் பொறுப்பேற்க முடியாது என்று டாக்டர் சொல்லிவிட்டார் என்றும் சொன்னான். கேட்டால், புத்தகம் முடியட்டும் என்கிறாயாம். பெரியம்மா, நீங்க சொன்னாத்தான் கேப்பாங்க என்று அழுதுவிட்டான். எனக்கு நீ எழுதியதோ, சும்மா ஒரு பரிசோதனை என்று.

எனக்குக் கோபம் வந்தது. எதிர் வீட்டம்மா வந்து, என்ன டீச்சர், முகம் இப்படி வெளுத்துப்போச்சு என்றார். சர்க்கரை குறைஞ்சிருக்கும் என்று சொல்லிச் சமாளித்தேன்.

இருவரும் கையெழுத்துப் போடாமல் எந்தப் பாடமும் அச்சுக்குப் போகாது என்பது நாம் வைத்துக்கொண்ட வழக்கம். இந்தப் பாடத்தில் நான் கையெழுத்துப் போடப் போவதில்லை. அச்சகக்காரர் தினமும் கத்துகிறார், கத்தட்டும். நீ ஆபரேஷன் முடிந்து வீடு திரும்பும்வரை தாள்கள் என் அலமாரியில்தான் இருக்கும். சாவி என் இடுப்பில். இது மிரட்டலா என்று கேட்பாய். ஆமாம், மிரட்டல்தான்.

உனக்குப் பயமாக இருந்தால் பயம் என்றே எழுது. எனக்கும் பயம்தான். வெள்ளிக்கிழமை அங்கே வந்துவிடுகிறேன். உன்னை உள்ளே கொண்டு போகும்போது வாசலில் நான் இருப்பேன்.

கண் விழித்ததும், பாடத்தைப் பூட்டி வைத்ததற்காக என்னைத் திட்டு. ஒரு வார்த்தை விடாமல் திட்டு. கேட்கக் காத்திருக்கிறேன்.

உன்,
ஃபுல்ஸ்டாப் டீச்சர்