கடை வாசலில் கயிறு இல்லை

இந்து,

ஹாட்பாக்ஸில் கஞ்சி இருக்கிறது. ஆறுவதற்குள் குடித்துவிடு, மாத்திரையை மறக்காதே. அம்மா உன் ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட் வாங்க ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கிறாள்.

முந்தாநாள் நீ கேட்டாயே, "கீமோ போடுத பிள்ளைக்குப் பொகை ஆகாது, நம்ம கடைக்கு வரக் கூடாதுங்கிய. அந்தப் பொகையத்தான நீங்க சட்டையில வீட்டுக்குக் கொண்டு வாரிய?" என்று. எனக்குக் கோபம்தான் வந்தது.

மூன்றாம் வகுப்பு படிக்கையில் நீ சோடாப் பெட்டிமேல் ஏறி நின்று, பீடி பற்றவைக்கக் கடை வாசலில் தொங்கும் கயிற்றுக்குக் காலையில் தீ வைப்பாய். "பாப்பா வச்ச தீ பொழுதுக்கும் அணையாதுல்லா அண்ணாச்சி" என்பார்கள் ஹார்பர் லாரிக்காரர்கள். எனக்குப் பெருமை தாங்காது. உன் பள்ளிக்கூடப் பையெல்லாம் அந்தக் கயிற்றுப் புகை வாசம்தான். இன்றைக்கும் அந்தப் பெட்டியைப் பார்த்தால் நீ ஏறி நிற்பதுபோலவே இருக்கிறது.

நேற்றுக் காலை பீடி, சிகரெட்டையெல்லாம் ஏஜென்சிக்காரரிடம் திருப்பிக் கொடுத்தேன். கயிற்றையும் அவிழ்த்துவிட்டேன். ஆணி மட்டும் இருக்கிறது. டாக்டர் சரி என்றதும் கடைக்கு வந்து, அதில் எதைத் தொங்கவிடலாம் என்று நீயே சொல்.

அப்பா

இடமில்லை, ஓரத்தில் எழுதுகிறேன். நேற்றுச் சாயங்காலம் லாரி செல்லப்பாண்டி வாயில் பீடியோடு வந்து ஆணியைத் தடவினான். "கயிறு எங்க அண்ணாச்சி?" என்றான். "எம் மவ கடைக்கு வாரால்லா" என்றேன். பீடியை எடுத்துக் காதில் செருகிக்கொண்டு இரண்டு கடலைமிட்டாய் வாங்கினான். ஒன்று உனக்காம். ஹாட்பாக்ஸ் பக்கத்தில் வைத்திருக்கிறேன்.