சொல்லக் கூடாத எண்

1 ஜூலை 2025, செவ்வாய்

காலையிலேயே மிஸ்டர் லியோங் தன் அறைக்குக் கூப்பிட்டார். கதவைச் சாத்தச் சொன்னார். முதலாளி கதவைச் சாத்தச் சொன்னால் நல்ல சேதி இருக்காது.

இரண்டாவது அச்சு இயந்திரத்தை நிறுத்துகிறார்கள். எங்களிடம் அட்டைப்பெட்டி வாங்கிய பெரிய நிறுவனம் வியட்நாமுக்குப் போய்விட்டது. இருநூற்றுச் சொச்சம் பேரில் பதினான்கு பேருக்கு வேலை போகும். அறிவிப்பு ஆகஸ்ட் முதல் தேதி. அதுவரை எண் அந்த அறையைத் தாண்டக் கூடாது. மனிதவளப் பிரிவில் எனக்கு மட்டும்தான் தெரியும். "தொழிலாளர் இலாகாவுக்கு முறைப்படி சொல்லியாகிவிட்டது, அது போதும்" என்றார்.

தலையாட்டினேன். இந்த வேலையில் பாதி தலையாட்டுவதுதான்.

தரப் பரிசோதனைப் பிரிவைத் தொடவில்லை. அதாவது அங்கே வேலை செய்யும் என் கூட்டாளி புனிதாவுக்கு ஆபத்தில்லை. முதலில் பார்த்தது அதைத்தான். நிம்மதியாக இருந்தது. பிறகு அந்தப் பதினான்கு பேரை நினைத்ததும் நிம்மதியே அசிங்கமாகப் பட்டது.

3 ஜூலை, வியாழன்

கிள்ளான் வாசகர் வட்டத்து சபாபதி அண்ணன் போன் செய்தார். இந்த ஆண்டு விவாதத் தலைப்பு: அணு ஆயுதம் வைத்திருக்கும் அரசுகள் தங்களிடம் எத்தனை இருக்கிறது என்று உலகுக்குச் சொல்ல வேண்டுமா? மே மாதம் இந்தியாவும் பாகிஸ்தானும் மோதிக்கொண்டதிலிருந்து அவருக்கு இதே யோசனை. யார் எந்தப் பக்கம் என்று சீட்டுப் போட்டுத்தான் முடிவு செய்வார்.

"ஜெரால்டின், உங்களுக்கு 'சொல்ல வேண்டாம்' விழுந்திருக்கு."

"அண்ணே, மாத்திக் குடுங்க. நான் மனசார 'சொல்லணும்' கட்சி."

"அதான் வேணும். மனசாரப் பேசறவங்க மைக்க விடமாட்டாங்க, லா!"

6 ஜூலை, ஞாயிறு

தேவாலயத்தில் பூசை முடிந்து வந்ததிலிருந்து படிக்கிறேன். என் பக்கத்து வாதங்கள் அப்படியொன்றும் மோசமில்லை. எண்ணைச் சொன்னால், எத்தனை அடித்தால் இவன் கை காலியாகும் என்று எதிரி கணக்குப் போடுவான். சின்ன நாட்டுக்கு இருட்டுதான் பாதுகாப்பு. அப்புறம், சொல்கிற எண் உண்மைதானா என்று யார் போய்ப் பார்ப்பது?

பிரிட்டன் சொல்லிக்கொண்டிருந்தது, 2021இல் இனி அந்த விவரம் தரமாட்டோம் என்றது. அமெரிக்கா சொல்கிறது, நிறுத்துகிறது, மறுபடி சொல்கிறது. இஸ்ரேல் இருக்கிறது என்றும் சொல்வதில்லை, இல்லை என்றும் சொல்வதில்லை. சரி, சொல்லாதவனைப் பக்கத்து நாட்டுக்காரன் எப்படிப் பார்ப்பான்? இருப்பதிலேயே மோசமானதை நினைத்துக்கொண்டு தானும் சேர்ப்பான். இது எதிர்க்கட்சி வாதம். இதுதான் என் வாதமும்.

என் கணவர் திமோத்தி எட்டிப் பார்த்தார். "ஒரு குண்டு கூட இல்லாத நாட்டுல உக்காந்துக்கிட்டு நீ ஏன்மா மண்டைய ஒடச்சிக்கிற? சாப்பிட வா."

நம்மிடம் இல்லாவிட்டால் நம் தலையில் விழாதா?

8 ஜூலை, செவ்வாய்

கேன்டீனில் அறுபது பேர் என்கிறார்கள். பாதிப் பேர் என்கிறார் லோரி ஓட்டும் முகுந்தன். எங்கிருந்து கிளம்பியது? யாரும் எதையும் சொல்லவில்லை. அதனால்தான் கிளம்பியிருக்கிறது.

புனிதா மீ கோரெங் நூடுல்ஸ் தட்டை என் எதிரில் வைத்து, எனக்கு ஒரு வடையை நீட்டிவிட்டு உட்கார்ந்தாள்.

"ஏய் ஜெரி, எத்தன பேரு?"

"எதுக்கு எத்தன பேரு?"

"நடிக்காதடி, உனக்கு வரல. பேரு வேணாம். நம்பர் மட்டும் சொல்லு."

"தெரியாது புனி."

"தெரியாதா? சரி, தெரியாது. என் வடையத் திருப்பிக் குடு."

சிரித்தோம். அவள் அப்பா டயாலிசிஸில் இருக்கிறார். காஜாங் வீடு அவள் ஒருத்தி சம்பளத்தில் ஓடுகிறது. எண் தெரிந்தால் நிம்மதியாகத் தூங்குவாள். என் கையில் இருக்கிறது அது.

10 ஜூலை

தூங்குகிறேன். எழுந்தால் களைப்பாக இருக்கிறது.

13 ஜூலை, ஞாயிறு

ஜெயித்துவிட்டோம். எழுதவே பிடிக்கவில்லை.

புனிதாவும் கிள்ளானுக்கு வந்திருந்தாள், மூன்றாவது வரிசையில். எதிரணியில் ஷாமினி என்ற இளம் வழக்கறிஞர், நல்ல கூர்மை. ஒவ்வொன்றாகக் கேட்டாள், ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னேன். கைதட்டல். அப்புறம் அவள் கேட்டாள்: "கொஞ்சமா வெச்சிருக்கிறவன் ஏன் மறைக்கணும்? நெறைய வெச்சிருக்கிறவன்தானே மறைப்பான்?"

பதில் என் வாயில் இருந்தது. கொஞ்சமாக வைத்திருப்பவனும் மறைப்பான். கொஞ்சம் என்று தெரிந்தால் அவனுக்கு யார் பயப்படுவார்கள்? முந்தின நாள் எழுதி வைத்த பதில். வாயைத் திறந்தபோது புனிதாவின் கண்ணைப் பார்த்தேன். மறைப்பவனிடம் இருப்பது கொஞ்சமாகவும் இருக்கலாம் என்று நான் சொன்னால், அது தொழிற்சாலை எண்ணை அவளிடம் சொன்னதாகிவிடாதா? தலையைக் குனிந்து குறிப்பைப் புரட்டி அடுத்ததற்குத் தாவிவிட்டேன்.

நடுவர் கவனிக்கவில்லை. திரும்பும்போது காரில் புனிதா கண்ணை மூடிச் சாய்ந்துகொண்டாள். அலுப்பு என்று நினைத்தேன்.

14 ஜூலை, திங்கள்

புனிதா வேலையை விடுகிறாள். காலையில் பிரிவு மேலாளர் ஜெயராஜிடம் கடிதம் கொடுத்துவிட்டாளாம்.

"எதுக்குடி?"

"நேத்துதான் தெளிவாச்சு."

"நான் ஒண்ணும் சொல்லலையே!"

"அதான். அந்தப் பொண்ணு கேட்டதுக்கெல்லாம் பதில் குடுத்த. நெறைய இருக்கிறவன்தான் மறைப்பான்னு சொன்னா பாரு, அத மட்டும் விட்டுட்ட. என்னப் பாத்துட்டு தலைய வேற கீழ போட்ட. பெரிய நம்பருதானே ஜெரி? எல்லாரும் வெளிய வந்து வேலை தேடறதுக்கு முன்ன நான் போயிடறேன்."

காஜாங்கில் ஒரு கிடங்கில் ஒப்பந்த வேலையாம். சம்பளம் குறைவு, மருத்துவச் சலுகை கிடையாது. தானாகப் போவதால் இங்கே நஷ்டஈடும் கிடையாது. போகவே தேவையில்லாதவள் போகிறாள். நான் வாயை மூடிக்கொண்டு பேசியிருக்கிறேன்.

15 ஜூலை, செவ்வாய்

மிஸ்டர் லியோங்கிடம் போனேன். எண்ணையாவது இன்றே சொல்லிவிடலாம் என்றேன்.

"பதினான்கு என்றால் அடுத்த கேள்வி எந்தப் பதினான்கு. நாளைக்கே இயந்திரத்தை விட்டுவிட்டு என் வாசலில் நிற்பார்கள். அப்புறம் இருக்கிற ஆர்டரும் போகும்" என்றார்.

நியாயம்தான். புனிதா விஷயத்தைச் சொன்னேன்.

"ஒருவர் தானாகப் போனால் நமக்கு நல்லதுதானே?" என்றார். சாதாரணமாக, கோபமில்லாமல்.

அந்த 'நமக்கு'. அதில் நானும் இருக்கிறேன்! இருட்டில் நிற்பவர்கள் பயந்துபோய்ச் செய்வதெல்லாம் இவருக்கு மிச்சம். கிள்ளானில் இரண்டு அணியும் இதைப் பேசவில்லை.

16 ஜூலை, புதன்

மதியம் புனிதாவைத் தனியாக இழுத்துப் போய்ச் சொன்னேன். பதினாலு. நீ அதுல இல்ல.

அழுவாள் என்று நினைத்தேன். "எனக்கு மட்டும் சொல்றியா?" என்றாள். "ஸ்டோர்ல ரெண்டு பேரு நாளைக்கு லெட்டர் குடுக்கப் போறாங்க. அவங்க உன் கூட்டாளி இல்ல, அதனால போகட்டுமா?"

கேன்டீனுக்குள் போனேன். "பதினாலு பேருதான். யாரும் அவசரப்பட்டு லெட்டர் குடுக்காதீங்க." அவ்வளவுதான் சொல்ல நினைத்தேன். ஆனால் முதலாளி சொன்னது போலவே, "எந்தப் பதினாலு?" என்று நான்கு பக்கமும் எழுந்தது. இரண்டாவது இயந்திரம் என்றேன்.

அங்கே வேலை செய்யும் தாமரை கரண்டியைக் கீழே வைத்தாள். "அப்போ நாங்கதான்லா, அக்கா."

ஆமாம் என்று சொல்லாமல் தலையாட்டினேன். மற்ற மேசைகளில் எல்லாரும் மூச்சு விட்டது கேட்டது. அவள் மேசையில் யாரும் சாப்பிடவில்லை.

சரிதானா செய்தது?

17 ஜூலை

ஜெயராஜ் கடிதத்தை இன்னும் மேலே அனுப்பவில்லையாம். புனிதாவிடமே திருப்பிக் கொடுத்துவிட்டார். ஸ்டோர் ஆட்களும் கொடுக்கவில்லை. எனக்கு ஒரு கடிதம் வந்தது, விளக்கம் கேட்டு.

22 ஜூலை

விளக்கம் எழுதிக் கொடுத்தேன். 'சொன்னேன், உண்மை, வருந்தவில்லை' என்று. கடைசி வார்த்தையை எடுத்துவிடச் சொன்னார் திமோத்தி. எடுக்கவில்லை. தாமரையைப் பார்த்தால் வருத்தமாகத்தான் இருக்கிறது. அது வேறு வருத்தம்.

1 ஆகஸ்ட், வெள்ளி

மிஸ்டர் லியோங் கேன்டீனில் நின்று வாசித்தார். பதினைந்து பேர்.

சலசலப்பு. "அந்த அக்கா பதினாலுன்னுதானே சொன்னாங்க?" என்று பின்னாலிருந்து ஒரு குரல். "அவங்களும் சரியாச் சொல்லலையா?" தாமரை திரும்பி என்னைப் பார்த்தாள். என் மேசைச் சாமான்களை அடுக்கி நான் கையில் வைத்திருந்த பெட்டியைப் பார்த்தாள். பிறகு அந்தக் குரல் வந்த பக்கம் திரும்பி, "சரியாத்தான் சொன்னாங்க, வாய மூடு" என்றாள்.

சாயங்காலம் புனிதா பெட்டியின் ஒரு பக்கத்தைப் பிடித்துக்கொண்டு செர்டாங் ஸ்டேஷன் வரை வந்தாள். அவளுடைய காஜாங் ரயில் எதிர்ப்பக்கம் வந்து நின்று போனது. ஏறப் போகவில்லை. என்னோடு நின்றாள்.