கட்டிலுக்குக் கொடுத்த கியாரண்டி

1936 ஜூலை 14, செவ்வாய்

இவருடைய கட்டில் நேற்று கால் முறிந்து சாய்ந்துவிட்டது. பக்கவாதம் வந்த பிறகு இவருக்கென்றே வாங்கிய தேக்குக் கட்டில். இன்று பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்தி முடித்ததும் கியாரண்டிச் சீட்டை எடுத்துக்கொண்டு, கட்டில் வாங்கிய கன்டோன்மென்ட் கடைக்குப் போனேன்.

கடைக்காரர் மரியாதையாகத்தான் பேசினார். "மரம் உளுத்துப்போனா நாங்க பொறுப்பும்மா. சாதாரண உபயோகத்துல உடைஞ்சாலும் பொறுப்பு. ஆனா உங்க வீட்டுக்காரர் பகல்லயும் அதுலயேதானே படுத்திருக்கார்? அது ஆஸ்பத்திரி உபயோகம். கியாரண்டி செல்லாது."

"நோயாளிக்குன்னு சொல்லித்தானே வாங்கினேன்?" என்றேன்.

"சொன்னீங்க. சீட்டுல அப்படி இல்லையே" என்றார்.

சீட்டை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டேன். காக்ஸ் டவுனில் இருக்கும் வீடு வரைக்கும் தூறலில் நடந்தே வந்தேன்.

இவர் தரையில் பாயில் கிடக்கிறார். தரை சில்லென்றிருக்கிறது. தனியாக என்னால் தூக்க முடியாது. கடையில் நடந்ததைச் சொன்னேன். "அப்போ நான் எழுந்து நடமாடினா வேற கட்டில் குடுப்பாங்களா?" என்று வாய் குழறக் கேட்டார். விளையாட்டா, நிஜமாகவே கேட்டாரா, புரியவில்லை. கொடுப்பார்கள் என்று சொல்லிவிட்டேன்.

அப்போதிலிருந்து விளங்காமல் போன வலது காலை அசைக்கப் பார்த்துக்கொண்டே இருக்கிறார்.