முதலில் பேசுவது யார்

14 ஜூலை 2025, திங்கள்

ஒரு பக்கம் எழுதி முடிப்பதற்குள் டீ ஆறிவிடுகிறது. ஆறட்டும். எழுபது தாண்டி எழுதக் கற்றவன் மெதுவாகத்தான் எழுதுவான்.

ஆட்டத்தின் விதிகளை இன்று முடித்துவிட்டேன்! அயனம்பாக்கத்தில் எங்களுக்கு எழுத்து வகுப்பு எடுக்கும் சுதா டீச்சர்தான் முதலில் ஓர் ஆங்கில ஆட்டத்தைக் கொண்டுவந்தார். ஒருவர் கதையை நடத்துவார். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாகி, அடுத்து என்ன செய்கிறோம் என்று சொல்ல வேண்டும். அது பலிக்குமா என்பதைப் பகடை சொல்லும். எனக்கு ஒரே குஷி. ஆனால் பேய்க்கு ஒரு புத்தகம், போருக்கு ஒரு புத்தகம். இருபது முகப் பகடை வேறு.

"அம்பத்தூர் பஸ்ஸுல நடக்கிற கதைக்கு இன்னா புக்கு டீச்சர்?"

"அதுக்கு இல்லையே ஐயா."

இல்லையென்றால் நான் எழுதுகிறேன் என்றேன். எழுதிவிட்டேன். எந்தக் கதைக்கும் இதே விதிகள். பகடைக்குப் பதில் ஐந்து புளியங்கொட்டைகள், ஒரு பக்கம் வெள்ளை தெரியும்வரை தரையில் தேய்த்தவை. சுலபமான காரியத்துக்கு இரண்டு வெள்ளை விழுந்தால் போதும். கஷ்டமானதற்கு நான்கு. ஒவ்வொரு பாத்திரத்துக்கும் மூன்று பலம், ஒரு பயம்.

கடைசி விதிதான் எனக்கு உயிர்: எந்தக் காட்சியிலும் வயதில் மூத்தவரே முதலில் பேச வேண்டும்.

16 ஜூலை

என் மகன் விஜய் கேட்கிறான்: "இன்னா நைனா, பேத்தி எடுத்த வயசுல வெளாட்டா?" ஆமாண்டா. வெளாட்டுதான்.

20 ஜூலை, ஞாயிறு

விதிப் புத்தகத்தின் முதல் பக்கத்தில் என்ன எழுதுவது என்று டீச்சர் கேட்டார். திறந்த உரிமம் என்று ஒன்று உண்டாம். யார் வேண்டுமானாலும் நகல் எடுக்கலாம், மாற்றலாம், விற்கலாம். முதலில் செய்தவர் பெயரைச் சொல்ல வேண்டும். மாற்றியதையும் அதே போல எல்லோருக்கும் திறந்துவிட வேண்டும். "ஒரு தடவை கொடுத்தா திரும்ப வாங்க முடியாது. நல்லா யோசிச்சிக்கோங்க."

நான் எழுத்துக்கூட்டிப் படித்த முதல் பலகை, அம்பத்தூர் எஸ்டேட்டில் நான் வாட்ச்மேனாக நின்ற ஃபேக்டரி கேட்டில் இருந்தது. ‘அனுமதியின்றி உள்ளே வரக்கூடாது.’ அத்தனை வருஷம் அதன் கீழேயே நின்றிருக்கிறேன், என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாமல்! அதற்கு முன் கூலிக்கு நாற்று நட்டேன். நட்டது எதுவும் என்னுடையது இல்லை. இந்த ஆட்டம் மட்டும்தான் என்னுடையது. என்னுடையது என்பதால்தானே கொடுக்க முடிகிறது?

என் கையாலேயே எழுதினேன்: யாரும் உள்ளே வரலாம். கீழே, கஜபதி.

2 ஆகஸ்ட், சனி

வானகரத்தில் விளையாட்டுச் சாமான் வியாபாரம் செய்யும் ராஜசேகரன் வீடு தேடி வந்தார். ஆட்டத்தைப் பளபளப்பான பெட்டியில் போட்டு விற்பாராம், அட்டையில் என் போட்டோவாம். ஆனால் உரிமை முழுக்க அவருக்கு மட்டும்.

"நீ தாராளமா வித்துக்கோ நைனா. பூட்டு மட்டும் போடாத."

"விவரம் தெரியாம பேசறீங்க பெரியவரே. எவனோ ஒருத்தன் உங்க ஆட்டத்தை மாத்திக் கெடுத்துடுவான்."

"கெடுக்கட்டும்!"

அவர் போன பிறகும் இரண்டு முறை சொல்லிப் பார்த்தேன். கெடுக்கட்டும். என்ன சுகமான வார்த்தை.

24 ஆகஸ்ட், ஞாயிறு

வகுப்பில் என் பக்கத்தில் உட்காரும் தாயம்மாள், கோவில்பதாகையில் தன் வீட்டிலேயே ஆட்டம் தொடங்கிவிட்டாள். பூந்தமல்லியில் யாரோ நிலாவில் நடக்கும் கதையை ஆடினார்களாம். நிலாவில் என் புளியங்கொட்டை!

7 செப்டம்பர், ஞாயிறு

தாயம்மாள் விதிகளைப் புதிதாக நகலெடுத்துக் கொடுத்திருக்கிறாள். கடைசிப் பக்கத்தைப் படித்தேன். மறுபடி படித்தேன். என் விதி இல்லை. அந்த இடத்தில்: ‘இதுவரை குறைவாகப் பேசியவர் முதலில் பேச வேண்டும்.’

என்னை ஒரு வார்த்தை கேட்டாளா? யார் ஊட்டுச் சொத்துல யார் கை வைக்கிறது? வாழ்நாள் பூரா வாயை மூடிகினு நின்னவன் நான். கிழவனானதுக்கு அப்புறம்தான் நாலு பேர் என் பேச்சைக் கேக்கிறாங்க. அதுவும் பொறுக்கலையா?

8 செப்டம்பர்

முதல் பக்கத்தில் ‘கஜபதியைக் கேட்காமல் மாற்றக்கூடாது’ என்று சேர்க்கச் சொன்னேன். டீச்சர் சொன்னார்: "புதுசா எழுதறதுல சேர்க்கலாம். வெளியே போனது போனதுதான் ஐயா."

ராஜசேகரன் அன்று கொடுத்துவிட்டுப் போன போன் நம்பர் கார்டைத் தேடி எடுத்தேன். எண்ணை அழுத்தவில்லை. கார்டு மேஜையில் கிடக்கிறது.

14 செப்டம்பர், ஞாயிறு

சண்டை போடத்தான் கோவில்பதாகைக்குப் போனேன். வாசலிலேயே தாயம்மாள்:

"இன்னா கஜபதி, சண்டைக்கு வந்துகீறியா, ஆட்டத்துக்கு வந்துகீறியா?"

"மூத்தவங்களுக்கு மரியாதை வாணாமா?"

"மரியாதை வோணும்னா மாலை வாங்கிப் போடறேன். நீ வாயத் தொறந்தா கதை உன் பின்னாடியே பூடுது. நாங்க வேடிக்கை பாத்துகினு கீறோம். அதுக்குப் பேரு ஆட்டமா? வா, உக்காரு."

உட்கார்ந்தேன். ஏரிக்கரை உடையப்போகிற கதை. மண் மூட்டை அடுக்குங்கள் என்று சொல்ல வாய் வரைக்கும் வந்துவிட்டது. தாயம்மாள் பொறு என்று கையைக் காட்டினாள். எல்லோரும் சபீனாவைப் பார்த்தார்கள். ஃபேக்டரி குவார்ட்டர்ஸ் பெண். வகுப்பில் பெயர் கூப்பிட்டால்கூடத் தலையைத்தான் ஆட்டுவாள். கதையில் அவள் கல்யாணச் சமையல்காரி.

ரொம்ப நேரம் பேசவில்லை. யாரும் அவசரப்படுத்தவில்லை. பிறகு மெல்ல, "அண்டாவையெல்லாம் தண்ணில எறக்குறேன். புள்ளைங்கள அதுல ஏத்துங்க" என்றாள்.

நான்கு வெள்ளை வேண்டும். உருட்டினாள். ஐந்தும் வெள்ளை! ஒரே கூச்சல். சபீனா எழுந்து நின்று, "பிரியாணி அண்டா பெருசு, அதுல ஆறு பேரு!" என்று கத்தினாள். நானும் கத்தினேன் போலிருக்கிறது. தொண்டை கட்டிவிட்டது.

மண் மூட்டையைப் பற்றி யாரிடமும் சொல்லவில்லை.

15 செப்டம்பர்

கோபம் இன்னும் கொஞ்சம் இருக்கிறது. இருக்கட்டும். கார்டைக் கிழித்தேன்.

5 அக்டோபர், ஞாயிறு

ராஜசேகரன் மறுபடி வந்தார். "இப்பவாச்சும் கையெழுத்து போடுங்க. ஆளாளுக்கு உங்க ஆட்டத்தை மாத்தறாங்க."

"எதைன்னு வாங்குவ நைனா? ஊருக்கு ஒண்ணு கீது. கோவில்பதாகை ஆட்டம் தாயம்மாளுது, அங்க போய்க் கேளு. அது இன்னும் நல்லாத் திட்டும்."

அவர் கிளம்பியதும் நானும் கோவில்பதாகைக்குப் பஸ் ஏறினேன். இன்று புதிதாக இரண்டு பெண்கள் வந்திருந்தார்கள். இருவருமே பேச்சைத் தொடங்கத் தயங்கினார்கள். என் முறை வருவதற்குள் விளக்கு போட்டுவிட்டார்கள். காத்திருந்தேன்.