இரண்டாவது சி.டி.

என் மல்லி அக்காவுக்கு,

நீ போய் ஏழு மாதம் ஆகிறது. அழுது புலம்ப இதை எழுதவில்லை. அதெல்லாம் எனக்கு வராது என்று உனக்கே தெரியும். உன்னிடம் ஒரு கேள்வி கேட்க வேண்டும். இருபத்திரண்டு வருடத்துக்கு முன்னால், மயிலாப்பூரில் நம் அம்மா வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து, நீ என்னிடம் பொய் சொன்னாயா?

அதற்கு முன்னால் வீட்டுச் செய்தி. உன் சி.டி., டி.வி.டி. எல்லாம் இப்போது அடையாறில் என் வீட்டில் இருக்கின்றன. உன் வீட்டுக்காரர் அவற்றைப் பழைய பேப்பர்காரரிடம் போடப் பார்த்தார். "யாரு பாக்கப் போறா சுமதி? எல்லாம்தான் இப்ப போன்லயே வருதே" என்றார். நானே உன்னிடம் நூறு தடவை சொன்னதுதான். ஆனாலும் மாமா வாயிலிருந்து கேட்டபோது எனக்குச் சுருக்கென்றது. ஒரு ஞாயிற்றுக்கிழமை நானும் உன் மகள் தாரிணியும் தி. நகர் வீட்டுக்குப் போய், எல்லாவற்றையும் அட்டைப்பெட்டியில் கட்டி, இரண்டு ஆட்டோவில் ஏற்றினோம். "இன்னாமா, கடைய காலி பண்ணிக்கினு போறீங்களா?" என்று கேட்டார் ஆட்டோக்காரர்.

இந்தப் பெட்டிகளுக்காக நாம் எவ்வளவு சண்டை போட்டிருக்கிறோம்! படம் பார்ப்பதற்கு ஒரு பீரோ எதற்கு என்பேன் நான். ரிமோட்டை அமுக்கினால் வந்துவிட்டுப் போகிறது. "இன்னிக்கு வரும். நாளைக்கு அவன் தூக்கிட்டா? நடுவுல நடுவுல வெட்டிட்டா யாரைப் போய்க் கேப்ப? என் பீரோவுல இருக்கிறதை எவனும் வெட்ட முடியாதுடி" என்பாய் நீ. கடைசி வரை நீயும் இறங்கி வரவில்லை, நானும் வரவில்லை.

விஷயத்துக்கு வருகிறேன். நான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு புருஷன் வீட்டிலிருந்து வந்த அந்த மாதம். அப்பா என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டார். அம்மா பேசுவதை நிறுத்தவே இல்லை. எல்லாம் "பொறுத்துப் போடி"தான். நீ ஒரு ஞாயிற்றுக்கிழமை தாரிணியை இடுப்பில் வைத்துக்கொண்டு ஒரு படத்தோடு வந்தாய். அப்போதெல்லாம் ஒரு படம் இரண்டு சி.டி.யாக வரும். முதலாவது பாதியில் நிற்கும், எழுந்து போய் இரண்டாவதைப் போட வேண்டும்.

அந்தப் படத்தில் கதாநாயகியைப் புருஷன் சந்தேகப்படுவான். அவள் ஒரு தகரப் பெட்டியோடு ரயில் ஏறுவாள். ரயில் நகரும், முதல் சி.டி. முடியும். நீ இரண்டாவதை எடுத்து ட்யூப்லைட் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தாய். "கோடு விழுந்திருக்கு, ஓடாது. விடு, நான் தியேட்டர்ல பாத்ததுதான், கதையைச் சொல்றேன்" என்றாய்.

அவரைக்காய் நறுக்கிக்கொண்டே முக்கால் மணி நேரம் சொன்னாய். அவள் ஊர் பேர் தெரியாத இடத்தில் இறங்குகிறாள், பெண்கள் விடுதியில் தங்குகிறாள், தையல் கடையில் சேருகிறாள், பிறகு சொந்தமாக மெஷின் வாங்குகிறாள். ஒருநாள் புருஷன் தேடி வருகிறான். அவள் அழவில்லை, கத்தவில்லை. "வாங்க. காபி குடிச்சிட்டுக் கிளம்புங்க" என்கிறாள். அவன் குடித்துவிட்டுப் போகிறான். அதோடு 'வணக்கம்' போட்டுவிடுவார்கள் என்றாய். "இது என்னடி படம்?" என்று அம்மா முகத்தைச் சுளித்தாள்.

அடுத்த எட்டு மாதத்தில் என் புருஷன் நிஜமாகவே வந்தார். கூடத்தில் அப்பா, அம்மா, அவருடைய பெரியப்பா எல்லோரும் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு வேறு எதுவும் தோன்றவில்லை. "காபி குடிச்சிட்டுக் கிளம்புங்க" என்றேன். காபி கொண்டுவந்தது நீ. டபராவில் பாதி சிந்தியிருந்தது. இவளுக்கு எப்போதும் கை பதறும் என்று நினைத்துக்கொண்டேன். அவர் அதன் பிறகு வரவில்லை. மற்றதெல்லாம் உனக்குத் தெரியும்: தேனாம்பேட்டை ஆபீஸ் வேலை, இந்தச் சின்ன ஃப்ளாட், என் இஷ்டப்படி என் வாழ்க்கை.

போன மாதம் ஒரு சனிக்கிழமை மத்தியானம், தாரிணி என் வீட்டு டி.வி.யில் எதையோ தேடிக்கொண்டிருந்தவள் கத்தினாள். "சித்தி, அம்மாவோட படம் வந்திருக்கு!" அவளுக்கும் நீ அந்தக் கதையைச் சொல்லித்தானே சோறு ஊட்டினாய்? முறுக்கு டப்பாவோடு உட்கார்ந்தோம். ரயில் நகர்ந்தது. அதற்கு மேல் நான் பார்ப்பது அதுதான் முதல் தடவை.

அவள் அடுத்த ஸ்டேஷனிலேயே இறங்கிவிட்டாள் அக்கா. எதிர் வண்டி பிடித்துத் திரும்பி வருகிறாள். புருஷனுக்குக் காய்ச்சல். காலில் விழுகிறாள், அவன் மன்னிக்கிறான். விடிந்ததும் வாசலில் கோலம் போடுகிறாள். சுபம்.

"வெட்டிட்டாங்க சித்தி! அம்மா சொன்ன மாதிரியே பண்ணிட்டாங்க பாருங்க" என்றாள் தாரிணி. நானும் நம்பினேன். முழுப் படத்தைப் போடுங்கள் என்று அந்த ஆப்காரர்களுக்குப் புகார்கூட எழுதினேன். உங்கள் கருத்து எங்களுக்கு முக்கியம் என்று பதில் வந்தது. அன்றைக்குத்தான், நீ இல்லாத வீட்டில், நீதான் ஜெயித்தாய் என்று வாய்விட்டுச் சொன்னேன்.

பிறகு பெட்டிகளைப் பிரித்துத் தேடினோம். முதல் சி.டி. அதன் இடத்திலேயே, உன் கையெழுத்தோடு இருந்தது. பக்கத்துக் குழி காலி. நாலாவது நாள் இரண்டாவது கிடைத்தது, ஒரு யோகாசனப் பயிற்சி சி.டி.யின் உறைக்குள். நம் வீட்டில் ஒரு ஜீவனும் அதைத் திறக்காது என்று உனக்குத் தெரிந்திருக்கிறது! உன் பழைய பிளேயர் ஓடவில்லை. ஆபீஸ் பக்கத்தில் இருக்கும் மெக்கானிக் "இத்தெல்லாம் இன்னும் வச்சிக்கினு கீறீங்களா?" என்று சிரித்துக்கொண்டே சரிசெய்து கொடுத்தார்.

அதில் ஒரு கோடுகூட இல்லை அக்கா. நிற்காமல் ஓடியது. அதே ஸ்டேஷன், அதே காய்ச்சல், அதே கோலம். ஆப்காரர்கள் எதையும் வெட்டவில்லை. வெட்டியது நீ.

"அம்மா செம கேடி" என்று தாரிணி விழுந்து விழுந்து சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை, கோபம்தான் வந்தது. எங்கேயோ ஒருத்தி இப்படி இருந்து காட்டியிருக்கிறாள், யாரோ அதைப் படமாக எடுத்திருக்கிறார்கள், ஊரே பார்த்திருக்கிறது என்ற தைரியத்தில்தானே நான் அன்றைக்கு வாயைத் திறந்தேன்? அது சினிமா வசனமே இல்லை. நீ அவரைக்காய் நறுக்கிக்கொண்டே எழுதிய வசனம். பாத்திரம் கழுவி முடிப்பதற்குள் கோபம் போய்விட்டது.

இன்னொன்று மட்டும் போகவில்லை. எந்த சி.டி.யையும் உன் வீட்டில் முழுக்க ஓட்டிப் பார்க்காமல் நீ யாருக்கும் கொண்டுவர மாட்டாய். அப்படியானால், மாமா ஆபீஸ் போன ஒரு பகலில் நீ தனியாக உட்கார்ந்து அந்தக் கோலம் வரைக்கும் பார்த்திருக்கிறாய். தங்கைக்கு இது வேண்டாம் என்று எடுத்து ஒளித்திருக்கிறாய். உனக்கு யார் ஒளித்தது?

மாமா வீட்டில் இருக்கும் நேரங்களில் உன்னோடு போனில் பேசிக்கொண்டிருக்கும்போது, சுவரில் தட்டு மோதி விழும் சத்தத்தை நான் கேட்டிருக்கிறேன். ஒருமுறை இல்லை. "ஒண்ணுமில்லடி, கை தவறிடுச்சு" என்பாய். நான் சரி என்று அடுத்த பேச்சுக்குப் போய்விடுவேன். நம்புவது எனக்கு வசதியாக இருந்தது. இத்தனை வருடத்தில் ஒரு நாளாவது நான் உனக்கு ஒரு கதை சொன்னேனா?

தாரிணிக்குத் தை மாதம் கல்யாணம். பையன் நல்லவனாகத்தான் தெரிகிறான். உன் பெட்டிகள் இங்கேயே இருக்கும், அவள் கேட்டால் எடுத்துக்கொள்ளட்டும். உனக்கு நான் தரும் வாக்கு வேறு. அவள் என்றைக்காவது பெட்டியோடு என் வாசலில் வந்து நின்றால், அவளுக்கு எந்தப் படமும் போட மாட்டேன், காரணமும் கேட்க மாட்டேன். கதவைத் திறந்து, முதலில் சாப்பிடு என்பேன். இது சத்தியம்.

உனக்கும் திறந்திருப்பேன் அக்கா. ஆனால் வா என்று நான் ஒரு தடவைகூடக் கூப்பிடவில்லை.

நீ கதை சொல்லிக் காப்பாற்றிய
உன் தங்கை,
சுமி